பச்சைக் காய்கறி ஏற்றுமதி: பையரைத் தேடும் முன் மருந்து நோட்டைத் திறவுங்கள்

ஏற்றுமதியில் இறங்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது பையர், அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவர், எங்கே கிடைப்பார் என்று. அடுத்தது ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் எடுப்பது எப்படி என்று. ஐ.இ.சி. ஒரு பெரிய விஷயமே இல்லை, பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் டி.ஜி.எஃப்.டி. என்ற மத்திய வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம், வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபீடாவில் பதிவு செய்து ஆர்.சி.எம்.சி. என்ற உறுப்பினர் சான்றிதழ் வாங்குவதும் அப்படித்தான். பையரும் கிடைப்பார். லண்டனிலும் பாரிஸிலும் கடை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு வாராவாரம் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் அனுப்பப் போகும் காய் எந்தத் தோட்டத்தில் காய்த்தது, அதற்குக் கடைசியாக அடித்த மருந்து எது, என்றைக்கு அடித்தார்கள்? “ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல எடுத்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வேன். ஒட்டன்சத்திரத்தில் நல்ல காய் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காய்க்கு ஊர் பேர் தெரியாது, எல்லையில் கேட்கப்போவது அந்த ஊர் பேரைத்தான்.

சரி, ஐரோப்பாவை வைத்தே விளக்குகிறேன். இருப்பதிலேயே கெடுபிடி அங்கேதான், அதற்குத் தயாரான தோட்டத்துக் காய் வேறு எங்கும் பெரும்பாலும் தடுக்கி விழாது.

முதலில் 0.01 என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்து எச்ச வரம்புக்கு, அதாவது காயில் தங்கும் பூச்சிமருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு, அடிப்படை 2005-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் சட்டம். ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வரம்பு அதில் இருக்கிறது, எதற்கு வரம்பு குறிப்பிடவில்லையோ அதற்கெல்லாம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். இது எவ்வளவு என்று தோட்டக்காரரிடம் சொல்லும்போது மில்லிகிராமில் பேசாதீர்கள், தலையில் ஏறாது. 100 டன் வெண்டைக்காயில் 1 கிராம் மருந்து, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். பத்து லாரி காயில் ஒரு சிட்டிகை. அப்படிச் சொன்ன பிறகுதான் “அப்போ டேங்க்கைக் கழுவாம அடிச்சாலே போச்சே” என்று அவரே சொல்வார். அதைத்தான் அவர் வாயிலிருந்து வரவைக்க வேண்டும்.

வரம்பைப் பார்ப்பதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் பூச்சிக்கொல்லித் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, காயைத் தேர்ந்தெடுத்தால் எல்லா மருந்துக்கும் வரம்பு வரிசையாக வந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அது கருவியால் நம்பி அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு என்று பொருள். நடைமுறையில் “இந்த மருந்தைத் தொடாதே” என்று எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையைக் காய்கறியில் தேடாதீர்கள், மூலிகை இலைகளின் வரிசையில் இருக்கும். நான் செய்வது, நம் பக்கத்து உரக்கடையில் விற்கும் நாற்பது ஐம்பது மருந்தின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, அதில் எது ஆகும் எது ஆகாது என்று பச்சை, சிவப்பு மையில் குறித்து, ஒரே தாளாக லேமினேட் செய்து தோட்டக்காரர் வீட்டு மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவிடுவது. வர்த்தகப் பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இரண்டையும் எழுத வேண்டும், ஒரே மருந்து பத்துப் பெயரில் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தாளை மாற்ற வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை.

ஏன் மாற்ற வேண்டும் என்றால் வரம்பு மாறிக்கொண்டே இருக்கிறது. குளோர்பைரிபாஸ் நம் ஊரில் தண்ணீர் மாதிரி புழங்கிய மருந்து, 2020-இல் ஐரோப்பா அதன் அனுமதியை நிறுத்தி வரம்பையும் 0.01-க்குக் கொண்டுவந்தது. முந்தைய வருடம் வரை பாஸான தோட்டங்கள் அந்த வருடம் சிக்கின. தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின் இரண்டும் தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018-இலேயே அங்கே திறந்தவெளியில் அடிக்கத் தடை, 2023-இல் போட்ட இன்னொரு விதிப்படி இறக்குமதிக் காய்களிலும் அந்த இரண்டின் வரம்பும் கருவி அளக்கும் அடிமட்டத்துக்கு இறங்குகிறது, அது அமலாகும் தேதி 2026 மார்ச் 7. வெள்ளை ஈக்கும் தத்துப்பூச்சிக்கும் நம்மாட்கள் முதலில் கை வைப்பது தயாமீத்தாக்சத்தில்தான் என்பதால், வெண்டை அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொரு குழி இருக்கிறது, அது புதியவர்களைக் கட்டாயம் கவிழ்க்கும். ரிப்போர்ட்டில் மெத்தமிடோபாஸ் என்று வரும். தோட்டக்காரர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார், அப்படி ஒரு மருந்தையே நான் பார்த்ததில்லை என்று. அவர் சொல்வது நிஜம்தான். அவர் அடித்தது அசிபேட், அது செடிக்குள் போய் சிதைந்து மெத்தமிடோபாஸாக மாறுகிறது. தயாமீத்தாக்சம் அடித்தால் குளோத்தியானிடின் வரும், தயோபனேட் மெத்தில் அடித்தால் கார்பென்டாசிம் வரும். இந்த ஜோடிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளாமல் யாரையும் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது தோட்டம். இந்தத் தொழிலில் உண்மையான வேலை இங்கேதான் என்பது என் கட்சி, மற்றதெல்லாம் பேப்பர்.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்க்கத் தொடங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், இரண்டு நாள் விட்டால் முற்றி நார் ஏறிவிடும், ஏற்றுமதிக்கு ஆகாது. மருந்துப் புட்டியில் காத்திருப்புக் காலம், அதாவது அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று போட்டிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறவர் ஐந்து நாள் எப்படிக் காத்திருப்பார்? காத்திருக்க மாட்டார், அதுதான் நடக்கிறது. அது போக, அந்தக் காத்திருப்புக் காலம் நம் நாட்டு வரம்புக்குள் எச்சம் இறங்குவதற்குக் கணக்குப் போட்டது, ஐரோப்பாவின் 0.01-க்குப் போட்டதில்லை. அதனால் புட்டியில் இருக்கும் நாளை மட்டும் நம்பி ஐரோப்பாவுக்குப் பறிக்கவே கூடாது. நடைமுறையில் வழி ஒன்றுதான்: தோட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மருந்து அடித்த பாத்தியின் பறிப்பை அத்தனை நாளும் உள்ளூர்ச் சந்தைக்கும் அனுப்பாமல் பறித்து எறிந்துவிடுவது, அதற்கான காசை நீங்கள் கொடுப்பது. ஆமாம், நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எறியச் சொல்லிவிட்டுக் காசு கொடுக்காவிட்டால் அவர் எறிய மாட்டார், நானாக இருந்தாலும் எறிய மாட்டேன். எச்சம் இல்லாத காய்க்கு விலை அதிகம் என்று பையரிடம் பேசுகிறவர்கள், அந்த அதிகத்தில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் போகிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை இதைவிடச் சிக்கல். கோவை பக்கம் காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் இதைத் தனிப்பயிராகவே போடுகிறார்கள், சாறு உறிஞ்சும் சைல்லிட் பூச்சிக்கும் இலைப்புள்ளிக்கும் மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இலை என்பதால் எடை குறைவு, பரப்பு அதிகம், மருந்து அத்தனையும் பரப்பில்தான் உட்காரும். அதே மருந்தை அதே அளவில் பூசணிக்கு அடித்தால் கிலோவுக்கு வரும் எச்சமும் கறிவேப்பிலையில் வரும் எச்சமும் மலைக்கும் மடுவுக்கும். இந்தப் பயிருக்கென்றே பதிவான மருந்துகளும் மிகக் குறைவு, அதனால் மிளகாய்க்குச் சொன்னதைத்தான் இதற்கும் அடிக்கிறார்கள். கறிவேப்பிலை அனுப்பியே தீர வேண்டும் என்றால், ஒரு அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையே மாதக் கணக்கில் இடைவெளி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். வெட்டிய உடனே துளிர்க்கும் காலத்தில் தேவையானதை அடித்து முடித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் ரசாயனமே இல்லாமல் விடும் தோட்டக்காரரைத் தேடுங்கள். கிடைப்பார்கள். கொஞ்சம் இலையில் புள்ளி இருக்கும், அதைப் பொறுக்கி எடுக்க பேக்ஹவுஸில், அதாவது தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில், ஆள் போடுங்கள்.

தோட்டம் பார்க்கப் போகும்போது காயை அப்புறம் பாருங்கள், முதலில் வேலியைப் பாருங்கள். பக்கத்துக் காட்டில் பருத்தியோ மிளகாயோ இருந்து, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், உங்கள் தோட்டக்காரர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை. ஸ்பிரேயர் யாருடையது என்று கேளுங்கள். மருந்து வைக்கும் மூலையைப் பாருங்கள், காலி டப்பாக்கள் சொல்லும் உண்மையை எந்த நோட்டும் சொல்லாது. அப்புறம், “ஆர்கானிக் டானிக்” என்று லேபிள் இல்லாமலோ அரைகுறை லேபிளுடனோ விற்கிறார்களே, அடித்த மறுநாளே புழு செத்து விழுகிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதை ஒரு தடவை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பிப் பாருங்கள். பி.டி., பியூவேரியா போன்ற நுண்ணுயிர் மருந்துகள், மஞ்சள் ஒட்டும் அட்டை, இனக்கவர்ச்சிப் பொறி எல்லாம் பொதுவாக எச்சச் சிக்கல் தராதவை, ஆனால் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும், முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

மருந்து நோட்டு என்று ஒன்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும்: தேதி, பாத்தி, மருந்து, அளவு, அடித்தவர். இதை அவர் எழுதுவார் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள், புட்டியையும் பாத்தியையும் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தேதி தானாக விழுந்துவிடும், நோட்டை உங்கள் ஆள் எழுதட்டும். ஐரோப்பாவுக்குப் போகும் காய் என்றால் தோட்டத்தைத் தோட்டக்கலைத் துறை மூலம் அபீடாவின் ஹார்ட்டிநெட் என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பேக்கிங்கும் அபீடா அங்கீகரித்த பேக்ஹவுஸில் நடக்க வேண்டும். பதிவுக்கு வரும் அதிகாரி கேட்பதும் இந்த நோட்டுதான்.

பரிசோதனைக்கு வருவோம். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், வெண்டைக்காய் அதுவரை இருக்காது. அதனால் பறித்த பிறகு சோதிப்பது என்ற பேச்சே கிடையாது, பறிப்புக்கு மூன்று நான்கு நாள் முன்னால் அதே பாத்தியில் மாதிரி எடுக்க வேண்டும், மாதிரி எடுத்த பிறகு அந்தப் பாத்தியில் ஒரு சொட்டு மருந்தும் விழக்கூடாது. மாதிரியைத் தோட்டக்காரர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாலு மூலை, நடு என்று கலந்து குறைந்தது ஒரு கிலோ, உங்கள் ஆள் எடுத்து, சீல் வைத்து, பாத்தி எண் எழுதி, அன்றைக்கே கூடத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வுக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்துக்கு, கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள கூடமாக இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லோரும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். மூன்று விஷயம் பாருங்கள். அளவறி எல்லை என்று ஒரு பத்தி இருக்கும், எல்.ஓ.க்யூ. என்று போட்டிருப்பார்கள், அது ஒவ்வொரு மருந்துக்கும் 0.01 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 0.05 வரைதான் பார்க்க முடியும் என்கிற கூடம் “இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளில் வடை மடிக்கலாம். இரண்டாவது, எத்தனை மருந்துக்குப் பார்த்தார்கள், அந்தப் பட்டியலில் நம் நோட்டில் இருக்கும் மருந்துகளும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் இருக்கின்றனவா என்று. மூன்றாவது, ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்தைப் பார்க்கும் பொதுச் சோதனையில் மேன்கோசெப் போன்ற டைதயோகார்பமேட் வகைப் பூஞ்சை மருந்துகள் பிடிபடாது, அதற்குத் தனிச் சோதனை, தனிக் கட்டணம். மேன்கோசெப் அடித்த தோட்டமாக இருந்தால் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சில பேர் ஒரு தந்திரம் சொல்வார்கள்: எல்லையில் அளவுப் பிழைக்காக 50 சதவீதம் கழித்துத்தான் முடிவு செய்கிறார்கள், அதனால் 0.02 வரை வந்தாலும் தப்பிக்கலாம் என்று. கணக்கு சரிதான், அங்கே அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் எடுத்த மாதிரியும் அவர்கள் எடுக்கும் மாதிரியும் ஒன்று இல்லை, ஒரு பாத்தியின் ஒரு மூலையில் 0.012 என்றால் இன்னொரு மூலையில் 0.03 இருக்கலாம். நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் 0.01-ஐத் தொட்டாலே அந்தப் பறிப்பை உள்ளூருக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம்.

இதுவரை சொன்னது மருந்து. இனி பூச்சி. இந்த இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு அலுவலகம் என்பது பலருக்கும் புரிவதில்லை. காயில் மருந்து இருந்தால் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து, காயில் புழு இருந்தால் அந்த நாட்டு விவசாயத்துக்கு ஆபத்து. 2014 மே 1-இலிருந்து ஐரோப்பா நம் மாம்பழத்தோடு சேர்த்துக் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தியதே, அது மருந்துக்காக இல்லை, பழ ஈ போன்ற பூச்சிகளுக்காக. முந்தைய வருடம் 207 சரக்குகளில் பூச்சி கண்டிருந்தார்கள். மாம்பழத்துக்கு 2015 ஜனவரியிலேயே கதவு திறந்துவிட்டது, காய்களுக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சரக்கை ஒழுங்காக அனுப்பியவர்களும் சேர்ந்துதான் நின்றார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். பூச்சியே இருக்கக் கூடாது, பூச்சிக்கு அடித்த மருந்தும் இருக்கக் கூடாது. பாகலிலும் புடலையிலும் இது உயிரை எடுக்கும். பழ ஈ பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடும், வெளியே ஊசி குத்திய அளவு தடம்தான் தெரியும். ஆண் பழ ஈயைக் கவர்ந்து பிடிக்கும் கியூ லூர் பொறியைப் பூ விடும் முன்பே கட்டுவது, விழுந்த காயை அன்றன்றைக்குப் பொறுக்கிப் புதைப்பது, பந்தலுக்கு வலை போட முடிந்தால் போடுவது, பறித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் வெட்டிப் பார்ப்பது. வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று சொல்லும் ஃபைட்டோ சான்றிதழ் கொடுப்பது தாவரப் பாதுகாப்புத் துறையின் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம். நமக்குச் சென்னை, திருச்சி, தூத்துக்குடியில் இருக்கிறது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பாவுக்குப் போகும் கிட்டத்தட்ட எல்லாப் பச்சைக் காய் பழத்துக்கும் ஃபைட்டோ கட்டாயம், விலக்கு ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, டூரியன், பேரீச்சை. அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார், அதற்கு நேரம் விட்டு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழில் எடை, பெட்டி எண்ணிக்கை, காயின் தாவரப் பெயர் எல்லாம் இன்வாய்ஸோடும் பேக்கிங் லிஸ்டோடும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். கடைசி நிமிஷத்தில் நான்கு பெட்டி குறைந்துபோய், பேப்பரில் பழைய எண்ணே இருந்து, காய் நன்றாக இருந்தும் அங்கே கிடந்து வாடிய கதைகள் உண்டு.

பேக்ஹவுஸில் சொல்ல நிறைய இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர். கழுவுகிற தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுவாமலேயே அனுப்பலாம். வெற்றிலையும் கறிவேப்பிலையும் போன்ற இலைகளில் சால்மோனெல்லா பெரிய பயம். வங்கதேச வெற்றிலைக்கு ஐரோப்பா 2014-இல் கதவைச் சாத்தியது அதனால்தான். அதற்காகக் குளோரினை அள்ளிக் கொட்டினால் அதுவும் வம்பு, குளோரின் கரைசல் பழையதானால் அதில் குளோரேட் சேரும், 2020 முதல் குளோரேட்டுக்கும் அங்கே வரம்பு வந்துவிட்டது. புதிதாகக் கலக்குங்கள், அளவைச் சோதனைப் பட்டையில் பாருங்கள், கடைசியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளிர் அறையில் வெண்டையை 7 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள், கறுத்துப்போகும்.

லாட் நம்பர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு பெட்டியை எடுத்தால் எந்தத் தோட்டம், எந்தப் பாத்தி, என்றைக்குப் பறித்தது என்று அரை மணி நேரத்தில் சொல்ல முடிய வேண்டும். இரண்டு தோட்டத்துக் காயை ஒரே மேஜையில் கொட்டிப் பிரிக்கவே கூடாது. நாற்பது பெட்டி குறைகிறது, ஃபிளைட் இரவு பத்து மணிக்கு, மார்க்கெட்டில் நாற்பது பெட்டி எடுத்துக் கலந்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஒரு நாள் தோன்றும். அந்த நாளில் குறைவாகவே அனுப்புங்கள். பையர் ஒரு வாரம் கோபப்படுவார், அவ்வளவுதான். கலந்து அனுப்பி அந்த நாற்பதிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்றால் உங்கள் பெயர் எங்கே போய் நிற்கும் என்று சொல்கிறேன்.

ராஸ்ஃப் என்று ஓர் எச்சரிக்கை வலை இருக்கிறது. ஐரோப்பாவின் எந்த எல்லையில் ஒரு சரக்கு பிடிபட்டாலும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தகவல் போகும், பொதுமக்களும் இணையத்தில் பார்க்கலாம். தொழில் தொடங்கும் முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, இந்தியா, உங்கள் காய் என்று வடிகட்டிப் பாருங்கள், எந்த மருந்தில் நம்மாட்கள் மாட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும், லேமினேட் தாளுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஒரு நாட்டின் ஒரு காய் திரும்பத் திரும்பப் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டின் 1793-ஆம் எண் விதியின் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். முதல் இணைப்பில் ஏறினால் நூற்றுக்கு இத்தனை சரக்கு என்று எல்லையில் பிடித்துச் சோதிப்பார்கள், இரண்டாவது இணைப்புக்குப் போனால் அதோடு சேர்த்து இங்கிருந்தே சோதனை முடிவும் அரசின் சான்றிதழும் ஒவ்வொரு சரக்கோடும் போக வேண்டும். நம் வெண்டையும் கறிவேப்பிலையும் இந்தக் கண்காணிப்பில் பல முறை இடம்பெற்றவை, முருங்கைக்காயும் பின்னால் சேர்ந்தது. பட்டியலை ஆறு மாதத்துக்குள் ஒரு முறை திருத்துவார்கள், விகிதம் ஏறும் இறங்கும், அதனால் நான் இங்கே எண் போடவில்லை, அனுப்பும் வாரத்தில் நீங்களே பாருங்கள். பட்டியலில் உள்ள காய் என்றால் உங்கள் இறக்குமதியாளர் டிரேசஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தளத்தில் முன்னறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும், விமானச் சரக்குச் சீட்டான ஏர் வேபில்லின் எண் கையில் வந்த உடனே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிரிட்டன் இப்போது தனி. வரம்பும் தனி, பட்டியலும் தனி, பல இடங்களில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் உணவு முகமையான எஸ்.எஃப்.ஏ., அங்கே உரிமம் உள்ள இறக்குமதியாளர்தான் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி எடுக்க வேண்டும். மலேசியாவில் எல்லைச் சோதனை பார்க்கும் மாகிஸ். அமெரிக்காவைப் பற்றிப் புதியவர்கள் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம், கறிவேப்பிலை அங்கே எலுமிச்சை வகைகளின் நோயைப் பரப்பும் பூச்சிக்கு வீடு என்பதால் பச்சையாக உள்ளேயே போகாது. வளைகுடா லேசு என்று ஒரு பேச்சு உண்டு. 2014-இல் சவுதி அரேபியா நம் பச்சை மிளகாயை மருந்து எச்சத்துக்காக நிறுத்தியதை நினைவில் வையுங்கள். 2018-இல் நிபா வந்தபோது கேரளக் காய் பழங்களை அமீரகம் நிறுத்தியது, அதில் விவசாயி செய்த தப்பு எதுவுமே இல்லை. ஒரே நாட்டையும் ஒரே காயையும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக, பிடிபட்டால். எல்லையில் உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் குறைவு: அழிப்பது, திருப்பி அனுப்புவது. பச்சைக் காயைத் திருப்பி அனுப்புவதில் அர்த்தம் இல்லை, அழிக்கத்தான் சொல்வீர்கள், அழிக்கும் செலவும் குளிர் அறை வாடகையும் சோதனைக் கட்டணமும் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் உங்கள் தலையில்தான். சாதாரண சரக்குக் காப்பீடு பொதுவாக இதற்குக் கை கொடுக்காது, ஏஜென்ட்டிடம் நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அன்றைக்கே அந்தத் தோட்டத்துக் காயை எல்லா நாட்டுக்கும் நிறுத்துங்கள், எடுத்துவைத்த மாதிரி மிச்சம் இருந்தால் வேறு கூடத்தில் பாருங்கள், பிறகு தோட்டத்துக்குப் போங்கள். போன் செய்யாதீர்கள், போங்கள்.

எங்களுக்கு ஒரு முறை வெண்டையில் குளோர்பைரிபாஸ் வந்தது. நோட்டில் அந்தப் பெயரே இல்லை, போட்டோக்களும் சுத்தம், எங்கள் மாதிரியும் பாஸ். கூட வந்த பையன் கத்த ஆரம்பித்தான், அவனை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் போனேன், டீ குடித்தோம், மழை பற்றிப் பேசினோம். மூன்றாவது நாள் அவரே சொன்னார்: மாதிரி எடுத்த அன்று சாயங்காலம் அவருடைய ஸ்பிரேயரில் வாஷர் போய்விட்டது, வேப்பெண்ணெய் அடிப்பதற்காகப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரரிடம் ஒரு ஸ்பிரேயர் இரவல் வாங்கியிருக்கிறார், டேங்க்கைக் கழுவினார், ஹோஸைக் கழுவவில்லை. வேப்பெண்ணெய்தானே என்று போட்டோவும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் எங்கள் எல்லாத் தோட்டத்துக்கும் ஆளுக்கொரு ஸ்பிரேயர் வாங்கிக் கொடுத்தோம், உதிரி வாஷர் நான்கு வைத்து.